யாரு கேக்கறாங்கன்னு தெரியாத வேலை

ஏற்காடு மலை ஏறும்போது எங்க சேலம் எஃப்எம் ஸ்டேஷன் விட்டு விட்டுத்தான் வரும். வண்டி சேலத்தைப் பாத்து திரும்புற வளைவுல பாட்டு கணீர்னு கேக்கும், அடுத்த வளைவுல மலையைப் பாத்து திரும்பினதும் கரகரன்னு ஆயிடும், அதுக்கும் அடுத்ததுல வேற ஊரு ஸ்டேஷன் ஒண்ணு வந்து நம்ம எடத்துல ஜம்முனு ஒக்காந்துக்கும். எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போற ரகம், நடுவுல பாறை நின்னா சுத்தி வரத் தெரியாது. ரெண்டு ஸ்டேஷன் ஒரே எடத்துல மோதினாலும் ரேடியோ ரெண்டையும் கலந்து குடுக்காது, எது பலமோ அதைப் புடிச்சுக்கிட்டு இன்னொன்னைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளிடும். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் இந்தக் கூத்துதான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போனோம். "ஏங்க, உங்க ஸ்டேஷனே உங்களைப் பாதி வழில எறக்கி விட்டுட்டுப் போவுது பாருங்க"ன்னு வீட்டுக்காரம்மா சிரிச்சாங்க. பின்னாடி சீட்டுல ப்ளஸ் டூ படிக்கற எம் பொண்ணு காதுல இயர்போனோட இருந்தா. "அப்பா இங்க பாருங்க"ன்னு போனை நீட்டினா. பாட்டு ஆப்பு தானாவே ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கு, பேரு ரோட் ட்ரிப்பாம்.

"நாம ஊருக்குப் போறோம்னு அதுக்கு யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. அதுக்கே தெரியும்."

வெளிய வெயில் அடிக்குதுன்னு சொல்ற மாதிரி சொன்னா. ஞாயித்துக்கிழமை காலைல வீட்டு வைஃபையை விட்டுக் கெளம்பி, ஒரு மணி நேரமா நகந்துக்கிட்டே இருக்கற போன் வேற எங்க போவும்னு அது கணக்குப் போட்டிருக்கலாம், இல்ல ஞாயித்துக்கிழமைன்னா எல்லாருக்கும் அதையேதான் நீட்டுதோ என்னவோ. ஆனா அவ சொன்ன விதம் எனக்கு மேல போய் ஏரில படகு விடற வரைக்கும் மண்டைல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா பத்தொன்பது வருஷமா நான் பாக்கற வேலையோட முதல் விதியே, யாரு கேக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது அப்படிங்கறதுதான்.

ரேடியோவுல ப்ரோக்ராமர்னா மைக்ல பேசறவன்னு சொந்தக்காரங்க பாதிப் பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பேசறது ஆர்ஜே. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தப் பாட்டுக்குப் பின்னாடி எது வரக்கூடாதுன்னு சாங் லாக் போடறவன் நான். புதுப் பாட்டு வந்தா அதை ஹை ரொட்டேஷன்ல, அதாவது அடிக்கடி சுத்தி வர்ற வரிசைல வைக்கறதா, ராத்திரிக்குத் தள்றதா, இல்ல கண்டுக்காம விட்டுடறதான்னு முடிவு பண்ணணும். சொல்றதுக்கு ஜோரா இருக்கும், ஆனா எதை வெச்சு முடிவு பண்றேன்னு கேட்டீங்கன்னா கொஞ்சம் வெக்கமா இருக்கும். 2007-ல ரேடியோ கேக்கறவங்களை அளக்கறதுக்கு ராம்னு ஒரு முறை கொண்டுவந்தாங்க, டெல்லி, மும்பை, பெங்களூரு, அப்புறம் கொல்கத்தான்னு நாலு ஊருல மட்டும், ஆளுங்க கையில ஒரு டைரியைக் குடுத்து எப்ப எந்த ஸ்டேஷன் கேட்டீங்கன்னு அவங்களையே எழுதச் சொல்றது. சேலத்துக்கு அதுவும் கெடையாது. எங்க சர்வே எல்லாம் அஞ்சு ரோடு சிக்னல்ல பக்கத்து ஆட்டோல என்ன ஓடுதுன்னு காதைக் குடுக்கறது, அப்புறம் சாயங்காலம் தட்டுவடை செட் கடைல போய் நிக்கறது.

அந்தக் கடைல எங்க ஸ்டேஷன்தான் எப்பவும் ஓடும். அண்ணன் தட்டையை வரிசையா அடுக்கி, பச்சை சட்னியும் சேப்பு சட்னியும் தடவி, பீட்ரூட் கேரட் துருவலை அள்ளி வெச்சு மேல இன்னொரு தட்டையை மூடுவாரு, கை நிக்கவே நிக்காது. ஒரு நாள் பெரிய ஹீரோ படத்துப் புதுப் பாட்டு, நாங்க மணிக்கு ஒரு தடவை போட்டுக்கிட்டு இருந்தது, வந்துச்சு. அண்ணன் துருவல் கையை லுங்கில தொடச்சுட்டு, ரேடியோவுக்குப் போய் வால்யூமைக் கொறச்சுட்டு வந்து மறுபடி அடுக்க ஆரம்பிச்சாரு. மறுநாள் அந்தப் பாட்டை பாதியாக் கொறச்சேன். ஆபீஸ்ல காரணம் கேட்டாங்க, ஆடியன்ஸ் ஃபீட்பேக்னு சொன்னேன். ஒரே ஒரு கை.

யாரு கேக்கறாங்கன்னு ரேடியோவுக்குத் தெரியாதுன்னு சொன்னேன் இல்ல, அதுல ஒரு விலக்கு உண்டு. கேக்கறவங்களே பேரு குடுத்தா தெரியும். எங்கப்பா செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிக் கொலுசுப் பட்டறைல வேலை பாத்தவரு. எழுபதுகள்ல பட்டறைப் பசங்க எல்லாம் சேந்து இலங்கை வானொலிக்குக் கடுதாசி போடுவாங்களாம், இந்தப் பாட்டை ஒலிபரப்புங்க, விரும்பிக் கேக்கறவங்க சேலம் செவ்வாய்ப்பேட்டைலேர்ந்து இன்னார் இன்னார்னு. ஒரு தடவை எங்கப்பா ஆர்வக் கோளாறுல பக்கத்துத் தெருப் பொண்ணு ஒருத்தரோட பேரையும் சேத்து எழுதிட்டாரு. கடல் தாண்டிப் போன கார்டு, வரும்னு யாரு கண்டா, ஒரு நாள் சாயங்காலம் வந்தே வந்துடுச்சு, டீக்கடை முழுக்கக் கேட்டுது. அந்த வீட்டுல ரகளை. அந்தப் பொண்ணைக் கொஞ்ச நாள் வாசலுக்கே விடலையாம். எங்கப்பா இந்தக் கதையை சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு, நானும் ரொம்ப நாள் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். எனக்குத் தெரிஞ்சு எங்க குடும்பத்தோட முதல் டேட்டா லீக் அதுதான். ரெண்டாவது என்னோடது, அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப புதுப் பாட்டு எப்படி வருதுன்னு சொல்லணும். முன்னாடி எல்லாம் படத்துப் பாட்டுதான். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவோட நுழைவாயில் வளைவைத் தாண்டும்போதெல்லாம் நெனச்சுக்குவேன், தமிழோட முதல் கலர் படத்தை 1956-ல எடுத்த கம்பெனி, ஒரு காலத்துல பாட்டு இந்த ஊருலயே தயாராச்சு, இன்னிக்கு அந்த வளைவு ஒண்ணுதான் நிக்குது. சரி அது கெடக்கட்டும். 2021-ல அறிவும் தீயும் சந்தோஷ் நாராயணனோட சேந்து பண்ணின, படத்துல வராத 'என்ஜாய் எஞ்சாமி' தனிப்பாட்டு வந்தப்ப நாங்க பின்னாடி ஓட வேண்டியதாப் போச்சு, 2024-ல சாய் அபயங்கர் தன்னோட தனிப்பாட்டோட வந்தப்பவும் அதே கதை, ஊரே கேட்டு முடிச்சப்புறம் நாங்க ரொட்டேஷன்ல வெச்சோம். அதனால இப்ப சினிமாவுக்கு வெளிய யாரு பாட்டு அனுப்பினாலும் முழுசாக் கேக்கறேன்.

அப்படி வந்தவன்தான் அம்மாப்பேட்டைத் தம்பி. நெசவுக் குடும்பம். வீட்டுத் தறிச் சத்தத்தை போன்லயே ரெக்கார்ட் பண்ணி, அதையே தாளமா வெச்சு ஒரு பாட்டு பண்ணியிருந்தான். முதல்ல நாப்பது செகண்டு வெறும் தறிதான். டக்கு டக்குன்னு மிதிக்கற சத்தம், நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பறக்கற சத்தம், நடுவுல யாரோ இருமறாங்க, அப்புறம் மெதுவா பாட்டு எறங்குது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஆனா ஆப்புல போய்த் தேடிக் கேட்டா தறியையே காணோம், எடுத்த எடுப்புல கோரஸ்.

"ஏன் தம்பி வெட்டினே?"

"ஸ்கிப் பண்ணிடறாங்க சார். முப்பது செகண்டு தாண்டினாத்தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. வருஷத்துக்கு ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டலைன்னா ஸ்பாட்டிஃபைல காசே கெடையாது, 2024-லேர்ந்து அப்படித்தான்."

சொல்லிட்டு அவனோட டேஷ்போர்டை, பாட்டு போட்டவனுக்கு ஆப்பு காட்டற கணக்குப் பக்கத்தைக் காட்டினான். மொத்தம் அறுநூத்துச் சொச்சம் ஸ்ட்ரீம், அதுல ஆண் இத்தனை, பெண் இத்தனை, பதினெட்டுலேர்ந்து இருபத்திரண்டு வயசு இத்தனை பேரு, எந்த ஊரு, பாட்டை சேவ் பண்ணினது எத்தனை. மூணு மாசம் முன்னாடி பாட்டு போட ஆரம்பிச்ச பையனுக்கு, பத்தொன்பது வருஷ சர்வீஸ் போட்ட எனக்குத் தெரியாததெல்லாம் தெரியுது. பொறாமையா இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன். ஆனா அந்த நம்பர்தான் அவன் கையைப் புடிச்சு தறியை வெட்ட வெச்சது. என் தட்டுவடை அண்ணன் வால்யூமைக் கொறச்சாரு, பாட்டை வெட்டச் சொல்லல.

"பேரு எல்லாம் இல்லையே சார், வெறும் நம்பர்தானே"ன்னான். எனக்குத் தெரிஞ்ச கதையைச் சொன்னேன். 2006-ல நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி வெச்சு, கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேரு படங்களுக்குப் போட்ட மார்க்கை எல்லாம் பேரை எடுத்துட்டு வெளிய விட்டுச்சு. டெக்சாஸ் யூனிவர்சிட்டில நாராயணன், ஷ்மாட்டிகோவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதையும், இன்னொரு சினிமா சைட்ல ஜனங்க சொந்தப் பேருல போட்ட மார்க்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தே சில பேரை இன்னார்னு கண்டுபுடிச்சுட்டாங்க. ஒரு ஆளு எந்த ஏழெட்டுப் படம் எப்பப் பாத்தான்னு தெரிஞ்சாலே போதுமாம். அடுத்த போட்டியை 2010-ல கைவிட வேண்டியதாயிடுச்சு.

இது எனக்கு ஆச்சரியமே இல்ல. எங்க ரிக்வெஸ்ட் நோட்டுல பேரை எல்லாம் அழிச்சுட்டு பாட்டை மட்டும் விட்டா, பாதிப் பேரை நான் சொல்லிடுவேன். ரெண்டு காதல் தோல்விப் பாட்டு, நடுவுல ஒரு முருகன் பாட்டு, கடைசில ஒரு குத்துன்னா அது ஜங்ஷன்ல நிக்கற ஒரு ஆட்டோக்காரர்தான், வேற யாரும் அந்த வரிசைல கேக்க மாட்டாங்க. முருகன் பாட்டு ஒரு வாரம் வரலைன்னா வீட்டுல ஏதோ சரியில்லைன்னுகூட எனக்குத் தோணும். பாட்டுங்கறது ஆளோட மூஞ்சி மாதிரி. அதைத்தான் இப்ப பாட்டு ஆப்புக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் வருஷக்கணக்கா சேத்து வெச்சுக்கிட்டு இருக்காங்க, ராத்திரி ஒண்ணரை மணிக்கு தூக்கம் வராமக் கேட்டது, ஒரே பாட்டைப் பதினேழு தடவை கேட்டது, எல்லாம். டிசம்பர் ஆனா அதையே கலர் கலராப் பண்ணி நம்ம கையிலயே குடுக்கறாங்க, நாமளும் ஸ்டேட்டஸ் வெக்கறோம். எம் பொண்ணும் வெச்சா. நானும் வெச்சேன், பொய் சொல்லுவானேன்.

இன்னும் ஒரு படி மேல போய், 2021 ஜனவரில ஸ்பாட்டிஃபைக்கு ஒரு பேடன்ட் கெடச்சுது. பேசற குரலையும் பின்னாடி கேக்கற சத்தத்தையும் வெச்சு ஆளு சந்தோஷமா இருக்கானா சோகமா இருக்கானா, ஆணா பொண்ணா, என்ன வயசுன்னு கணிச்சு அதுக்கேத்த பாட்டு போடறதுக்கான வழி. எதிர்ப்பு கெளம்பினதும், இதைச் செயல்படுத்தற திட்டம் இல்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு. எனக்கு என்னன்னா, அந்த ஆசை எங்கேர்ந்து வருதுன்னு புரியுது, பாட்டு போடற எவனுக்கும் அந்த ஆசை இருக்கும். நான் தட்டுவடைக் கடைல நின்னதும் அதே ஆசைதான். ஒரு வித்தியாசம், நான் நின்னது அண்ணனுக்குத் தெரியும்.

எங்க வீட்டம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம், போன் நாம பேசறதை ஒட்டுக் கேக்குதுன்னு ஒரே முடிவு. மிக்ஸி ரிப்பேர்னு பேசினா மிக்ஸி விளம்பரம் வருதாம். 2018-ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டில பதினேழாயிரத்துக்கும் மேல ஆண்ட்ராய்டு ஆப்பை ஓட விட்டுப் பாத்தாங்க, திருட்டுத்தனமா மைக்கைத் திறந்து பேச்சை அனுப்பினதா ஒண்ணும் சிக்கல, ஆனா சில ஆப்பு ஸ்கிரீனைப் படம் புடிச்சு வெளிய அனுப்பறது சிக்குச்சு. இதைச் சொன்னா "அப்ப அது பரவால்லையா?"ன்னாங்க. என்ன பதில் சொல்றது.

சரி, நம்ம கதைக்கு வரேன். தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்.

வேலைக்குச் சேந்து நாலஞ்சு வருஷம் இருக்கும், வேற ஒரு ஸ்டேஷன்ல இருந்தேன். ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரம், ஊரே வேப்பிலை வாசனை. ஒரு துணிக்கடைக்காரங்க ஸ்பான்சர்ல போட்டி வெச்சோம், எஸ்எம்எஸ்ல பேரும் ஏரியாவும் அனுப்பினா தினம் ஒருத்தருக்கு வெள்ளிக் கொலுசு. குமிஞ்சுடுச்சு. முடிஞ்சதும் கடை மேனேஜர் போன் பண்ணி, "சார் அந்த நம்பர் லிஸ்டைக் கொஞ்சம் மெயில் பண்ணிடுங்க, நாங்கதானே காசு குடுத்தோம்"னாரு. எக்செல் ஷீட்டு, ஆயிரத்துச் சொச்சம் வரி. அட்டாச் பண்ணி அனுப்பறதுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல. யாரையும் கேக்கணும்னும் தோணல, அது தப்புன்னும் தோணல.

குகைலேர்ந்து ஒரு அக்கா தினம் மத்தியானம் ரெண்டே முக்கா வாக்குல கூப்பிடுவாங்க. எண்பதுகள் பாட்டுதான் கேப்பாங்க, மெதுவாப் பேசுவாங்க, பின்னாடி மிஷின் தைக்கற சத்தம் கேக்கும். மல்லிகான்னு பேரு சொல்வாங்க. போட்டிலயும் அதே பேருலதான் அனுப்பியிருக்காங்க. கடைலேர்ந்து யாரோ ஒரு பொண்ணு சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த நம்பருக்குப் போன் போட்டு, "எஃப்எம்-ல கலந்துக்கிட்ட மல்லிகா மேடம் இருக்காங்களா, ஆடி ஆஃபர் சொல்லணும்"னு கேட்டிருக்கு. போனை எடுத்தது வீட்டுக்காரரு. அந்த வீட்டுல மல்லிகான்னு யாருமே இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு லைன் முடிஞ்ச நேரமாப் பாத்து அந்த அக்கா கூப்பிட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. "சார், நான் பாட்டுதானே கேட்டேன்"னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல. ரொம்ப நாள் ரெண்டே முக்காலுக்கு எண்பதுகள் பாட்டு ஒண்ணு நானா லாக்ல போட்டு வெச்சேன், கேட்டாங்களா இல்லையான்னு தெரியறதுக்கு வழியில்ல. எங்கப்பாவாவது ஒரு பேரைத்தான் எழுதினாரு.

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது நீதிபதிங்க ஒருமனதா தீர்ப்பு சொன்னது 2017 ஆகஸ்ட் 24. தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்துச்சு, அதோட விதிகள் 2025 நவம்பர்ல. எதுக்கு வாங்கறோம்னு சொல்லி சம்மதம் வாங்கணும், வாங்கின காரியத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தணும், பாதுகாப்பைக் கோட்டை விட்டா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம், பதினெட்டு வயசுக்குக் கீழன்னா அம்மா அப்பா சம்மதம் வேணும். ப்ளஸ் டூ படிக்கற எம் பொண்ணு இந்தச் சட்டத்துக்கு இன்னும் கொழந்தை. மீட்டிங்ல இதைப் படிச்சுக் காட்டினேன், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்"னு சேல்ஸ்ல ஒருத்தர் டீயை உறிஞ்சாரு. நான் அந்த அக்காவைப் பத்தி சொல்லல, சொல்லியிருக்கலாம்.

எங்க ஸ்டேஷனுக்குன்னு ஒரு ஆப்பு இருக்கு, அதையும் திறந்து பாத்தேன். ரேடியோ கேக்கறதுக்கு லொகேஷன் கேக்குது, கான்டாக்ட் லிஸ்டைக் கேக்குது. ஆப்பு பண்ணிக் குடுத்த தம்பியைக் கூப்பிட்டு கான்டாக்ட் எதுக்குப்பான்னு கேட்டா, "டெம்ப்ளேட்லயே வந்துச்சு சார்"ங்கறான். யாருக்கும் வேண்டாத பொருள், யாரும் கேக்காத பொருள், சும்மா வந்து சேந்துக்கிட்டே இருக்கு. கான்டாக்ட்டை எடுக்க வெச்சேன். லொகேஷனை எடுக்க முடியல, விளம்பரக்காரங்களுக்கு வேணுமாம். போட்டி நம்பரைப் பரிசு குடுத்த வாரமே அழிச்சுடறோம், அதுக்கே சேல்ஸ்ல மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க கொண்டுவர்ற காசுலதான் எனக்கும் சம்பளம் வருதுங்கறது எனக்கு மறக்கல.

அம்மாப்பேட்டைத் தம்பியோட பாட்டை ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து நாப்பதுக்குப் போட்டேன். வெட்டாத வெர்ஷன், நாப்பது செகண்டு தறியோட. இருபதாவது செகண்டுல பக்கத்து ரூம்லேர்ந்து இன்ஜினியர் ஓடி வராரு, "சார் லைன்ல ஏதோ அடிக்குது, எந்த கேபிள்னு தெரியல"ன்னு. ஒக்காருங்க, அது பாட்டுன்னேன். அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே.

நாலு போன் வந்துச்சு. ரெண்டு பேரு ரேடியோ ரிப்பேரான்னு கேட்டாங்க. ஒருத்தர் ராங் நம்பர். நாலாவது ஆளு ஏற்காட்டுலேர்ந்து, எஸ்டேட்டுல ராக்காவலாம், காத்து போன்ல ஊஊன்னு அடிக்குது.

"அந்தத் தறிப் பாட்டை இன்னொருக்கா போடுவீங்களா? இங்க உங்க ஸ்டேஷன் சேலம் தெரியற பாறை மேல ஏறி நின்னாத்தாங்க எடுக்கும். நான் ஏறி வரதுக்குள்ள பாதி போயிடுச்சு."

"போடறேங்க. உங்க பேரு?"

"பேரெல்லாம் எதுக்குங்க, பாட்டைப் போடுங்க. குளிருது."

பதினொண்ணே காலுக்கு மறுபடி போட்டேன்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். எத்தனை பேரு சார் கேட்டாங்கன்னான். தெரியாதுன்னேன். ஒருத்தராவது கேட்டாங்களா சார்னான். பாறை மேல ஏறி நின்னு ஒருத்தர் கேட்டாருன்னேன். கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணோம்.

"என்ன வயசு சார் இருக்கும்?"

"தெரியாது தம்பி."

அடுத்த செவ்வாய்க்கும் அதே பத்து நாப்பதுக்கு லாக்ல போட்டு வெச்சிருக்கேன். இன்ஜினியர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்.